மிலானின் சேமிப்பு வங்கி காரிப்லோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக சிக்கன நாள் மிலானில் ஒரு சேமிப்பு வங்கியைச் சுற்றிப் பிறந்தது என்று எங்கே சொன்னாலும் கேள்விகள் வரிசையாக வந்துவிடும். அந்த வங்கி எது, அதற்கு முதலாளி யார், இப்போது இருக்கிறதா? வங்கி ஊழியர்கள், தேர்வுக்குப் படிப்பவர்கள், இத்தாலியில் வேலை பார்ப்பவர்கள் என்று யாரிடம் பேசினாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன்.

இத்தாலியில் "சேமிப்பு வங்கி"ன்னா என்ன? எல்லா வங்கியிலும்தான் சேமிப்புக் கணக்கு இருக்கே?

இன்று இருக்கிறது. 1800களின் தொடக்கத்தில் இல்லை. அன்றைய வங்கியாளர்கள் வணிகர்களோடும் அரசர்களோடும் நிலப்பிரபுக்களோடும்தான் கணக்கு வைத்துக்கொண்டார்கள். வீட்டு வேலைக்காரியோ நெசவாளியோ நாலு காசைக் கொண்டுபோய்ப் போட இடம் கிடையாது. அந்தக் காசைப் பத்திரமாக வாங்கி வைத்து, வட்டியும் கொடுத்து, கேட்டால் திருப்பித் தருவதற்கென்றே உண்டானவைதான் "கஸ்ஸா தி ரிஸ்பார்மியோ" என்ற சேமிப்பு வங்கிகள்.

இது இத்தாலியின் கண்டுபிடிப்பு அல்ல. ஹாம்பர்க்கில் 1778இலேயே இப்படி ஒன்று தொடங்கிவிட்டது. வியன்னாவில் 1819இல் வந்தது. இத்தாலிய மண்ணில் முதல் வரிசையில் நிற்பவை 1822இல் வெனிஸ் பகுதியில் தோன்றியவை. மிலானில் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு.

சரி, நீங்க சொல்ற வங்கியோட முழுப் பெயர் என்ன?

லொம்பார்டி மாகாணங்களின் சேமிப்பு வங்கி. லொம்பார்டி என்பது மிலானைச் சுற்றியுள்ள வட இத்தாலியப் பகுதி. இத்தாலிய மொழியில் பெயர் நீளம் என்பதால் சுருக்கி "காரிப்லோ" என்றார்கள். தலைமையிடம் மிலான். 1823இல் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் கிரெமோனா, மாந்துவா, லோதி, பெர்கமோ, கோமோ, பவியா என்று லொம்பார்டியின் மற்ற ஊர்களிலும் கிளை விட்டது. ஒரு நகரத்துக்கு ஒரு சேமிப்பு வங்கி என்பதுதான் இத்தாலியின் வழக்கம். ஒரு பகுதி முழுவதையும் ஒரே வங்கி அணைத்துக்கொண்டது காரிப்லோவின் தனித்தன்மை. அது பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய சேமிப்பு வங்கிகளுள் ஒன்றாக வளர்ந்ததற்கு இந்தத் தொடக்கமே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

யார் ஆரம்பிச்சாங்க? ஏதாவது பணக்காரக் குடும்பமா?

குடும்பம் எதுவும் இல்லை. தொடங்கியது ஒரு நிவாரணக் குழு. நெப்போலியன் போர்கள் 1815இல் முடிந்தபோது வட இத்தாலி நொடிந்துபோயிருந்தது. அதே ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் சாம்பலும் புகையும் வானத்தை மறைத்ததில் 1816இல் ஐரோப்பாவில் கோடைக்காலமே சரியாக வரவில்லை. விளைச்சல் பொய்த்தது, பஞ்சம் வந்தது, பின்னாலேயே நோயும் வந்தது. லொம்பார்டி அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. பஞ்சத்தில் வாடியவர்களுக்கு உதவ அந்த அரசு 1816இல் "மத்திய அறப்பணிக் குழு" ஒன்றை மிலானில் அமைத்தது.

நெருக்கடி தணிந்த பிறகு குழுவின் கையில் கொஞ்சம் நிதி இருந்தது. அதையும் தானமாகக் கொடுத்துத் தீர்த்திருக்கலாம். குழு அப்படிச் செய்யாமல், அடுத்த பஞ்சம் வரும்போது ஏழையின் கையில் அவனுடைய காசே இருக்கட்டும் என்று அந்த நிதியைப் பின்பலமாக வைத்துச் சேமிப்பு வங்கியைத் தொடங்கியது. வங்கியை நடத்தியதும் அதே குழுதான். இந்தக் குழுவின் பெயரை நினைவில் வையுங்கள். கீழே அறக்கட்டளை பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

ஆஸ்திரியா ஆட்சின்னா இத்தாலிக்காரங்க எப்படி நம்பிப் பணம் போட்டாங்க?

நியாயமான கேள்வி. மிலானில் ஆஸ்திரிய ஆட்சி மேல் வெறுப்பு இருந்தது. 1848இல் ஐந்து நாள் தெருச் சண்டை போட்டு ஆஸ்திரியப் படையைக் கொஞ்ச காலம் ஊரைவிட்டே விரட்டினார்கள். ஆனால் வங்கியின் குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். பணம் வியன்னாவுக்குப் போகாமல் லொம்பார்டியிலேயே சுற்றியது என்பதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். 1859இல் ஆஸ்திரியா லொம்பார்டியை இழந்து, 1861இல் இத்தாலி ஒரே நாடானபோதும் வங்கி இருந்த இடத்திலேயே நின்றது. கொடி மாறியும் பாஸ்புக் மாறவில்லை.

அந்தக் காலத்து ஏழைங்ககிட்ட சேமிக்க என்ன இருந்துச்சு?

தினக்கூலிக்காரரிடம் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. முதலில் வந்தவர்கள் கொஞ்சமாவது நிலையான வருமானம் உள்ளவர்கள்: வீட்டு வேலை செய்தவர்கள், கைவினைஞர்கள், சிறு கடைக்காரர்கள், கீழ்நிலை அலுவலர்கள். ஐரோப்பா முழுவதும் சேமிப்பு வங்கிகளின் கதை இதுதான். கடைக்கோடி ஏழைக்கென்று தொடங்கி, அவனுக்கு ஒரு படி மேலே இருந்தவனுக்கு அதிகம் பயன்பட்டன. இதை மறைத்துப் புகழ வேண்டிய அவசியமில்லை. அந்த ஒரு படி மேலே இருந்தவனுக்கும் அதற்கு முன் போக்கிடம் இல்லை என்பதும் உண்மை.

பணம் போட்டவருக்கு "லிப்ரெட்டோ" என்ற சிறு பாஸ்புக் கிடைக்கும். போட்டது, எடுத்தது, சேர்ந்த வட்டி எல்லாம் அதில் கையால் எழுதப்பட்டிருக்கும். பெயர் எழுதிய புத்தகமும் உண்டு, கையில் வைத்திருப்பவருக்கே சொந்தம் என்ற பெயரில்லாப் புத்தகமும் உண்டு. இந்த இரண்டாவது வகை 2010களின் கடைசி வரை ஓடிக்கொண்டிருந்தது. அதில் சிக்கிக்கொண்டவர்களின் கேள்வி கடைசியில் வருகிறது.

முதலாளியே இல்லாம ஒரு வங்கி எப்படி ஓடும்? லாபம் யாருக்குப் போச்சு?

எல்லாரும் தடுமாறுகிற இடம் இது. காரிப்லோவுக்குப் பங்குதாரர் கிடையாது. பங்கு இல்லை, ஈவுத்தொகை இல்லை, விற்பதற்கு உரிமையாளரும் இல்லை. வரும் லாபத்தில் பெரும்பகுதி காப்பு நிதியில் சேரும், ஒரு பகுதி மருத்துவமனை, பள்ளி, அனாதை இல்லம் என்று ஊரின் நற்காரியங்களுக்குப் போகும். 1888இல் இத்தாலி சேமிப்பு வங்கிகளுக்கென்று தனிச் சட்டம் போட்டபோது இந்த முறை சட்டத்திலேயே ஏறியது.

எல்லாச் சேமிப்பு வங்கிகளும் இப்படிப் பொதுக் குழுவில் பிறந்தவை அல்ல. டூரினில் 1827இல் நகராட்சி தொடங்கியது. ஃபுளோரன்ஸில் 1829இலும் போலோனாவில் 1837இலும் வசதியான குடிமக்கள் கூடி ஆளுக்குக் கொஞ்சம் முதல் போட்டார்கள். அங்கேயும் நோக்கம் லாபம் அல்ல. காலப்போக்கில் அவர்கள் போட்ட முதல் சிறுதுளியாகவும் சேர்ந்த காப்பு நிதி பெருவெள்ளமாகவும் ஆகிவிட்டது. அந்த வெள்ளம் யாருடையது என்ற கேள்விக்கு 1990 வரை யாரும் விடை தேடவில்லை.

அப்ப இது நம்ம ஊர் கூட்டுறவு வங்கி மாதிரிதானே?

இல்லை. கூட்டுறவு வங்கிக்கு உறுப்பினர்கள் உண்டு. அவர்கள் பங்கு வாங்குவார்கள், ஓட்டுப் போடுவார்கள், கடனும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். சேமிப்பு வங்கியில் பணம் போட்டவருக்கு ஓட்டு கிடையாது. பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை மட்டும் உண்டு.

இத்தாலியில் கூட்டுறவு மரபு தனியாக வளர்ந்தது. லூயிஜி லுத்சாத்தி 1860களில் நகரங்களில் மக்கள் வங்கிகளைத் தொடங்கிவைத்தார். லியோனே வொல்லம்போர்க் 1883இல் லொரெஜ்ஜா என்ற ஊரில் முதல் கிராமக் கடன் சங்கத்தை அமைத்தார். நம் கூட்டுறவு இயக்கத்துக்கு உறவு என்றால் அந்தப் பக்கம்தான். சென்னை மாகாண அரசுக்காக ஃபிரடெரிக் நிக்கல்சன் 1895இல் கொடுத்த அறிக்கை இப்படிப்பட்ட ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்துதான் எழுதப்பட்டது.

டெபாசிட் பணத்தை வச்சு என்ன பண்ணாங்க?

அரசுக் கடன் பத்திரங்கள், நகராட்சிகளுக்குக் கடன், நிலம் கட்டிடம் மேல் அடமானக் கடன். பாதுகாப்பான இடங்களிலேயே போட்டார்கள். இதில் பார்க்க வேண்டியது நிலக் கடன். 1866இல் வந்த ஒரு சட்டம் நீண்டகால நிலக் கடன் கொடுக்கும் உரிமையைச் சில அமைப்புகளுக்கு மட்டும் கொடுத்தது. காரிப்லோ அவற்றில் ஒன்று.

அது நடந்த விதம் இது. ஒரு விவசாயி நிலத்தை அடமானம் வைத்துக் கடன் கேட்கிறார். டெபாசிட்காரர் எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்பார் என்பதால் அவர் பணத்தைப் பல ஆண்டுக் கடனில் முடக்க முடியாது. அதனால் வங்கி அந்த அடமானத்தின் பேரில் பத்திரம் வெளியிடும். பத்திரம் வாங்கியவருக்கு வட்டி, விவசாயிக்கு நீண்ட தவணை, வங்கிக்கு நடுவில் சிறு தரகு. சேமிப்புப் பணமும் நீண்டகாலக் கடனும் ஒன்றோடொன்று சிக்காமல் பார்த்துக்கொண்ட இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். எத்தனையோ வங்கிகள் மூழ்கியது இந்த இரண்டையும் கலந்ததால்தான்.

மிலானில் அதோட பழைய கட்டிடம் இருக்கா? பார்க்கலாமா?

இருக்கிறது. மோந்தே தி பியெதா தெருவில், லா ஸ்காலா இசை நாடக அரங்கிலிருந்து நடந்தே போகலாம். ஜுசெப்பே பல்சரெத்தோ வடிவமைத்து 1872இல் முடிந்த கட்டிடம். மிலான் வட்டார வழக்கில் "கா தே சாஸ்", அதாவது கல் வீடு என்பார்கள். முகப்பு முழுவதும் புடைத்து நிற்கும் கரடுமுரடான பெரிய கற்கள். ஃபுளோரன்ஸின் மறுமலர்ச்சிக் கால மாளிகைகளைப் பார்த்துச் செய்தது. வெளியே நின்று பார்ப்பதற்கே போகலாம். அந்தச் சுவரைப் பார்க்கும் கூலித் தொழிலாளிக்குத் தன் பணம் இங்கே பத்திரம் என்று தோன்ற வேண்டும் என்பதுதான் கட்டியவர்களின் எண்ணம் என்று எனக்குப் படும்.

உலக சிக்கன நாளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வங்கியின் நூற்றாண்டை ஒட்டி, 1924 அக்டோபர் கடைசியில் முதல் சர்வதேசச் சிக்கன மாநாடு மிலானில் நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் சேமிப்பு வங்கிப் பிரதிநிதிகள் வந்தார்கள். மாநாடு முடிந்த அக்டோபர் 31ஐ உலக சிக்கன நாளாகக் கொண்டாடுவது என்று அறிவித்தவர் அதை நடத்திய பேராசிரியர் ஃபிலிப்போ ரவித்சா. அதைத் தொடர்ந்து சர்வதேசச் சிக்கன நிறுவனம் ஒன்றும் மிலானிலேயே உருவானது.

ஆனா நம்ம தமிழ்நாட்டுல அக்டோபர் 30 தானே கொண்டாடுறோம்?

ஆமாம். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அந்த நாள் நினைவு நாளாகிவிட்டதால் இந்தியாவில் சிக்கன நாள் ஒரு நாள் முன்னால் வந்துவிட்டது. பள்ளிகளில் கட்டுரைப் போட்டி, அஞ்சலகச் சேமிப்பு விழிப்புணர்வு என்று நாம் செய்வதற்கெல்லாம் வேர் மேலே சொன்ன மாநாடுதான்.

முசோலினி காலத்துல தப்பிச்சதா?

தப்பித்தது மட்டுமல்ல, வளர்ந்தது. 1927இல் வந்த ஆணை சின்னச் சின்னச் சேமிப்பு வங்கிகளைப் பெரியவற்றோடு சேரச் சொன்னது. ஏற்கெனவே பெரிதாக இருந்தவற்றுக்கு அது சாதகம். ஆனால் விலையும் கொடுத்தார்கள். 1930களின் சட்டங்களுக்குப் பிறகு சேமிப்பு வங்கிகளின் தலைவரை நியமிப்பது மத்திய அரசின் கைக்குப் போய்விட்டது. பாசிச ஆட்சி போன பிறகும் அந்த அதிகாரத்தை எந்த அரசும் விட்டுக்கொடுக்கவில்லை. தலைவர் பதவிகளைக் கட்சிகள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வது பல பத்தாண்டுகள் நடந்தது. காரிப்லோவும் இதற்கு விலக்கல்ல. முதலாளி இல்லாத வீட்டில் ஆளும் கட்சி முதலாளியாக உட்கார்ந்துவிட்டது. இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் வருத்தமான பகுதி இது.

அதே காலத்தில் நல்ல காரியங்களும் நடந்தன. போருக்குப் பின் பல ஆண்டுகள் தலைவராக இருந்த பொருளாதாரப் பேராசிரியர் ஜோர்தானோ தெல்லாமோரே, ஆப்பிரிக்க நாடுகளின் வங்கி ஊழியர்களுக்குப் பயிற்சி தர ஃபினாஃப்ரிக்கா என்ற மையத்தை 1960களில் மிலானில் தொடங்கினார். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்குக் கடனைவிடச் சேமிப்பைத் திரட்டும் திறமை முக்கியம் என்பது அவருடைய நம்பிக்கை.

1990ல ஏதோ சட்டம் வந்து வங்கியை ரெண்டாப் பிரிச்சாங்கன்னு சொல்றாங்களே, அது என்ன?

அமாத்தோ சட்டம். கருவூல அமைச்சராக இருந்தபோது ஜூலியானோ அமாத்தோ முன்வைத்தது, அவர் அந்தப் பதவியை விட்ட பிறகு 1990 ஜூலையில் நிறைவேறியது. ஐரோப்பியச் சந்தை திறக்கப்போகிறது, இத்தாலிய வங்கிகள் முதல் திரட்டவும் இணையவும் முடியாமல் நிற்கின்றன. பங்கே இல்லாத வங்கி எப்படிப் புது முதல் திரட்டும்?

தீர்வு இப்படி அமைந்தது. வங்கித் தொழில் முழுவதும் ஒரு பங்கு நிறுவனத்துக்கு மாறும். அந்தப் பங்குகளை ஓர் அறக்கட்டளை வைத்துக்கொள்ளும். இதுபோல எண்பதுக்கும் மேற்பட்ட அறக்கட்டளைகள் இத்தாலி முழுவதும் பிறந்தன. காரிப்லோ அறக்கட்டளை 1991 டிசம்பரில் வந்தது. முதலாளி யார் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை இதுதான்: தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சொத்து அந்தப் பகுதி மக்களின் நன்மைக்கென்று அறக்கட்டளையிடம் இருக்கும். விற்று அரசுக் கஜானாவில் போட்டிருக்கலாம், யாரும் தடுத்திருக்க முடியாது. போடாமல் விட்டது பெரிய விஷயம்.

காரிப்லோ வங்கி இப்ப இருக்கா இல்லையா?

அந்தப் பெயரில் இல்லை. 1998இல் அது அம்ப்ரோவெனெத்தோ வங்கியோடு சேர்ந்து பாங்கா இந்தேசா ஆனது. பின்னர் பழம்பெரும் பாங்கா கொமெர்ச்சியாலே இத்தாலியானாவும் உள்ளே வந்தது. 2007 ஜனவரியில் டூரினின் சான்பாவ்லோ இமி வங்கியோடு இணைந்து இந்தேசா சான்பாவ்லோ ஆனது. இன்று இத்தாலியின் மிகப் பெரிய வங்கி அதுதான். 1822இன் வெனிஸ், மேலே சொன்ன ஃபுளோரன்ஸ், போலோனா சேமிப்பு வங்கிகளும் கடைசியில் இதே குடைக்குள்தான் வந்தன. டூரின், ரோம் சேமிப்பு வங்கிகள் சுற்றிச் சுற்றி யூனிகிரெடிட் என்ற இன்னொரு பெரிய வங்கியில் போய்ச் சேர்ந்தன.

அப்ப அறக்கட்டளைதான் இந்தேசா வங்கியோட ஓனரா?

பெரிய பங்குதாரர்களில் ஒன்று, அவ்வளவுதான். காரிப்லோ அறக்கட்டளையிடம் இருப்பது சுமார் 5 சதவீதம். அதைவிடக் கொஞ்சம் அதிகமாக டூரினின் கொம்பன்யா தி சான் பாவ்லோ என்ற அறக்கட்டளையிடம் இருக்கிறது. அறக்கட்டளைகள் வங்கிகள் மேல் பிடியைத் தளர்த்த வேண்டும் என்று 1998, 1999 சட்டங்கள் சொல்லிவிட்டன. எந்த ஒரு நிறுவனத்திலும் தங்கள் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்கக்கூடாது என்று 2015இல் அறக்கட்டளைகளும் கருவூல அமைச்சகமும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

பிடியை விடாதவர்களுக்கு என்ன ஆனது என்பதற்குச் சியெனா சாட்சி. அங்கே மோந்தே தேய் பாஸ்கி 1472இலிருந்து நடக்கும் வங்கி. அதன் அறக்கட்டளை வங்கியின் பெரும்பான்மைப் பங்கை விடமாட்டேன் என்று நின்றது. வங்கி 2007இல் அந்தோன்வெனெத்தா என்ற வேறொரு வங்கியைச் சுமார் 900 கோடி யூரோவுக்கு வாங்கிச் சரிந்தபோது, அறக்கட்டளையின் செல்வத்தில் பெரும்பகுதியும் கூடவே போனது. சியெனாவின் நூற்றாண்டுச் சேமிப்பு அது.

அறக்கட்டளை உண்மையிலேயே ஏதாவது செய்யுதா?

செய்கிறது. அறிவியல் ஆய்வு, கலை, சுற்றுச்சூழல், சமூக நலம் என்று ஆண்டுக்குச் சுமார் 15 கோடி யூரோ நல்கை தருகிறது. குறைந்த வாடகை வீடுகளுக்கென்று 2004இல் தனி அமைப்பையே உருவாக்கியது. லொம்பார்டியோடு, பக்கத்து மாநிலமான பியெமோந்தேயின் நொவாரா, வெர்பானோ கூசியோ ஒசோலா மாகாணங்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன. மிலான் போனால் ஸ்காலா சதுக்கத்துக் காலரியே தி இத்தாலியா அருங்காட்சியகத்தில் அறக்கட்டளைக்குச் சொந்தமான, சிற்பி கனோவாவின் புடைப்புச் சிற்பங்களைப் பாருங்கள்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன பெயர் இங்கே வருகிறது. அறக்கட்டளையின் கொள்கை வகுக்கும் அவைக்கு இன்றும் மத்திய அறப்பணிக் குழு என்றே பெயர். பஞ்ச காலத்தில் பிறந்த குழு வங்கியையே கடந்து நிற்கிறது.

இத்தாலியின் ரிசர்வ் வங்கி தனியார் வங்கிகளுக்குச் சொந்தம்னு கேள்விப்பட்டேன். பொய்யா?

பாதி உண்மை. இத்தாலியின் மத்திய வங்கியான பாங்கா தி இத்தாலியா பங்கு நிறுவனமாகத் தொடங்கியது. 1936இல் தனியாரை வெளியேற்றி, சேமிப்பு வங்கிகள் போன்ற பொது அமைப்புகள் மட்டும் பங்கு வைக்கலாம் என்றார்கள். 1990க்குப் பின் அந்தப் பொது அமைப்புகள் தனியார் வங்கிகளாக இணைந்துகொண்டே போனதில், இந்தேசா சான்பாவ்லோ கையில் மட்டும் சுமார் 30 சதவீதம் சேர்ந்துவிட்டது. வட்டி விகிதத்திலோ கண்காணிப்பிலோ இந்தப் பங்குக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் பார்க்க நன்றாக இல்லை என்று, 2013 இறுதியில் வந்த ஆணை ஒருவர் 3 சதவீதத்துக்கு மேல் வைக்க முடியாதபடி செய்தது. பின்னர் அது 5 ஆக உயர்ந்தது.

2015ல சேமிப்பு வங்கிகள் மூழ்கி ஜனங்க பணம் போச்சே, அப்புறம் எப்படி நம்புறது?

நான்கு வங்கிகள். ஃபெர்ராரா, கியெத்தி இரண்டும் சேமிப்பு வங்கிகள். மார்க்கே சில சேமிப்பு வங்கிகள் சேர்ந்து உருவானது. எத்ரூரியா மட்டும் மக்கள் வங்கி. 2015 நவம்பரில் அரசும் மத்திய வங்கியும் தலையிட்டன. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு சென்ட்டும் போகவில்லை. பங்கு வைத்திருந்தவர்களும், வங்கி நொடித்தால் கடைசி வரிசையில் நிற்க வேண்டிய வகைக் கடன் பத்திரம் வாங்கியவர்களும் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

கொடுமை எங்கே என்றால், அந்தப் பத்திரங்களைப் பல சாதாரண வாடிக்கையாளர்கள் தங்கள் வழக்கமான கிளையில், தெரிந்த ஊழியர் சொல்லித்தான் வாங்கினார்கள். டெபாசிட்டும் இதுவும் ஒன்றுதான் என்று நம்பினார்கள். பலருக்குப் பின்னர் இழப்பீடு கிடைத்தது. ஆனால் சேமிப்பு வங்கி என்ற பெயரின் மேல் இருந்த நம்பிக்கையை வைத்து ஆபத்தான சரக்கை விற்றது மன்னிக்க முடியாதது. எந்த நாட்டிலும் சரி, கவுன்ட்டரில் நீட்டப்படும் தாள் டெபாசிட்டா பத்திரமா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனியா நிக்கிற பழைய சேமிப்பு வங்கி ஏதாவது மிச்சம் இருக்கா?

சில இருக்கின்றன. ஆஸ்தி, ரவென்னா, ஜெர்மன் பேசும் பகுதியில் போல்சானோ, சிறு ஊரான ஃபொஸ்ஸானோ. ஜெனோவாவின் கரிஜே 2022இல் வேறு வங்கியுடன் இணைந்துவிட்டது.

வீட்டுப் பெட்டியில பழைய காரிப்லோ லிப்ரெட்டோ கிடைச்சிருக்கு. பணம் வருமா?

இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் நம்மவர்களிடமிருந்து வரும் கேள்வி இது. முதலில் அந்தக் குடும்பத்தாரிடம் கொடுங்கள், அவர்கள் இந்தேசா சான்பாவ்லோ கிளைக்குக் கொண்டுபோகட்டும். காரிப்லோவின் கணக்குகள் அந்த வங்கிக்குத்தான் போயின. லீராவில் இருந்த தொகை 1936.27 லீராவுக்கு ஒரு யூரோ என்ற கணக்கில் மாறியிருக்கும்.

பெயரில்லாப் புத்தகம் என்றால் கவனம். 2017 ஜூலையிலிருந்து புதிதாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், பழையவற்றை 2018 டிசம்பர் 31க்குள் மூடச் சொல்லியிருந்தார்கள். தாமதத்துக்கு அபராதம் உண்டு, அதற்காகப் பணம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் அசையாத கணக்காக இருந்தால் தொகை அரசு நிதிக்குப் போயிருக்கலாம். அதைக் கவனிக்கும் அரசு நிறுவனம் கொன்சாப். அங்கே விண்ணப்பிக்கவும் காலக்கெடு உண்டு, அதனால் புத்தகம் கையில் கிடைத்த வாரமே கிளைக்குப் போவது நல்லது.